தேய்மானமா, அழற்சியா? முதியவரின் மூட்டைப் படம் பிடிக்கும்போது

எழுபது வயதைத் தாண்டியவரின் முழங்காலை எக்ஸ்ரே எடுத்தால், ரிப்போர்ட்டில் ஏதாவது ஒன்று எழுதப்பட்டுத்தான் வரும். எலும்பு ஓரத்தில் சிறு முள், இரண்டு எலும்புகளுக்கு நடுவே சுருங்கிப்போன இடைவெளி, சுண்ணம் படிந்த ஒரு கோடு. ‘தேய்மானம்தான், வயசாகிவிட்டது’ என்று வீட்டில் பேச்சை முடித்துவிடுவார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தத் தேய்மானம் பத்து வருடமாக இருக்கிறது. வலி வந்தது போன மாதம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று படம் சொல்லாது.

இளம் வயதினரின் படத்தில் ஒரு கோளாறு தெரிந்தால் பெரும்பாலும் அதுதான் வியாதி. முதியவரின் படத்தில் கோளாறு தெரியாவிட்டால்தான் ஆச்சரியம். அதனால் இந்த வயதில் ‘எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது’ என்று கேட்பதைவிட, ‘இப்போதைய வலிக்குக் காரணம் அழற்சியா, அதைக் காட்டக்கூடிய படம் எது’ என்று கேட்பதுதான் பயன் தரும். எந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் அழற்சி என்றால் என்ன என்று பார்ப்போம். மூட்டின் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி தடம்மாறி அந்தச் சவ்வைத் தாக்கினால், அது தடித்து, ரத்த ஓட்டம் கூடி, நீர் கோத்துக்கொள்ளும். முடக்குவாதத்தில் நடப்பது இதுதான். அறுபது வயதுக்கு மேலும் முடக்குவாதம் புதிதாக வரலாம். அப்போது விரல்களோடு தோள்பட்டையும் சேர்ந்து பிடித்துக்கொள்வது அதிகம். யூரிக் அமிலப் படிகங்களோ கால்சியப் படிகங்களோ மூட்டில் படிந்து அழற்சியைக் கிளப்பிவிடுவது இன்னொரு வகை. பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற நோயில் இரண்டு தோள்களும் இடுப்பும் விறைத்துப்போகும். ஜயண்ட் செல் ஆர்டெரைட்டிஸ் என்ற நோயில் பெரிய, நடுத்தர ரத்தக்குழாய்களின் சுவரில் அழற்சி வரும். கடைசி இரண்டும் ஐம்பது வயதுக்குக் கீழ் வருவது மிக அரிது. எழுபதுகளில் இருப்பவர்களைத்தான் அதிகம் தாக்கும்.

தேய்மான வலி நடந்தால் கூடும், உட்கார்ந்தால் அடங்கும். அழற்சி வலி நேர்மாறானது. படுத்து எழுந்ததும் உடம்பு மரக்கட்டையாகி, முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று விறைப்பு நீடிக்கும். நடமாட ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் இளகும். இந்த ஒரு விவரத்தைச் சரியாகச் சொன்னாலே மருத்துவருக்குப் பெரிய உதவி.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாதா? ஓரளவுக்குத் தெரியும். ஆனால் வயது அதையும் மங்கலாக்கிவிடுகிறது. உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் இ.எஸ்.ஆர். அளவு வயதோடு தானாகவே ஏறும். ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி என்று மேல்வரம்புக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. எண்பது வயதுப் பாட்டிக்கு இ.எஸ்.ஆர். 45 என்றால் அந்தக் கணக்குப்படி அது சரியான அளவுதான். முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் பரிசோதனையும் அப்படியே: நோய் இல்லாத முதியவர்கள் சிலருக்கு பாசிட்டிவ் வரும், நோய் உள்ள சிலருக்கு நெகட்டிவ் வரும். ரத்தமும் வாய்விட்டுச் சொல்லாத இடத்தில்தான் படங்களின் வேலை ஆரம்பிக்கிறது.

எக்ஸ்ரே: நடந்து முடிந்ததைக் காட்டும்

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், சுண்ணம் தெரியும். சவ்வு, தசைநாண், நீர் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும். முடக்குவாதம் எலும்பை அரித்துக் குழி பறிக்க மாதங்கள் ஆகும். ஆகவே நோயின் தொடக்கத்தில் எக்ஸ்ரே நார்மலாக இருப்பதே வழக்கம். வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் நிற்கும் கறைக்கோடுதான் எக்ஸ்ரே. எவ்வளவு உயரம் தண்ணீர் வந்துபோனது என்று அதைப் பார்த்துச் சொல்லலாம். இப்போது தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறதா என்று சொல்ல முடியாது.

இருந்தாலும் கறை எங்கே விழுந்திருக்கிறது என்பதற்கு அர்த்தம் உண்டு. தேய்மானம் விரல் நுனியை அடுத்த மூட்டையும் கட்டைவிரலின் அடிமூட்டையும் தேடிப் போகும். எலும்பு முள் வளரும். முடக்குவாதம் கைமுட்டி மடக்கினால் புடைத்துத் தெரியுமே அந்த மூட்டுகள், விரல்களின் நடுமூட்டு, மணிக்கட்டு என்று பிடிக்கும். முள் வளர்வதற்குப் பதில் ஓரத்தில் அரிப்பு விழும். பாதத்தில் சுண்டுவிரலின் அடிமூட்டில் சில சமயம் கையைவிட முன்னதாகவே அரிப்பு தெரியும். அதனால்தான் விவரம் தெரிந்த மருத்துவர் கை வலி என்று போனாலும் இரண்டு கை, இரண்டு பாதம் என்று எழுதிக் கொடுப்பார். ‘காலில் வலியே இல்லையே, காலுக்கு எதற்கு எக்ஸ்ரே’ என்று அங்கே சண்டை போட வேண்டாம். கை கால் எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு; மார்பு எக்ஸ்ரேயைவிடவும் குறைவு.

அல்ட்ராசவுண்ட்: இப்போது நடப்பது

அல்ட்ராசவுண்ட் என்றாலே நம் ஊரில் வயிற்று ஸ்கேனும் கர்ப்ப ஸ்கேனும்தான் நினைவுக்கு வரும். மூட்டுக்கும் அதே தொழில்நுட்பம்தான். ஆனால் தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தை நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருப்பதால் அதிக அதிர்வெண் கொண்ட புரோப் (தோல்மேல் வைத்துப் பார்க்கும் கைக்கருவி) வேண்டும். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, குழாய்க்குள் படுக்க வேண்டியதும் இல்லை. நிமிர்ந்து படுக்க முடியாத, காது சரியாகக் கேட்காத பெரியவரைக்கூட நாற்காலியில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே பார்த்துவிடலாம்.

திரையில் சவ்வு தடித்திருப்பதும் நீர் கோத்திருப்பதும் கருமையாகத் தெரியும். அதற்குமேல் பவர் டாப்ளர் என்ற வசதியைப் போட்டால், தடித்த சவ்வுக்குள் ஓடும் ரத்தம் ஆரஞ்சுப் புள்ளிகளாக மின்னும். புள்ளியே இல்லை என்றால் பூஜ்ஜியம், சவ்வில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் மூன்று என்று தரம் பிரிப்பார்கள். எக்ஸ்ரேயில் இன்னும் தெரியாத சிறு அரிப்பும் இதில் அகப்படும்.

ஆனால் வயதின் குறும்பு இங்கேயும் உண்டு. வெறும் தேய்மானம் உள்ள விரல்மூட்டிலும் கொஞ்சம் நீரும் இரண்டொரு டாப்ளர் புள்ளியும் தெரியலாம். ஆகவே ஒரே மூட்டில் மெலிதாகத் தெரிந்ததை வைத்து ‘முடக்குவாதம்’ என்று முத்திரை குத்திவிடக் கூடாது. எந்தெந்த மூட்டுகள், எத்தனை, எவ்வளவு தீவிரம் என்று சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் தன் முழு மதிப்பைக் காட்டும் இடம் தோள்பட்டை. இரண்டு வாரத்துக்கு முன் நன்றாக இருந்தவருக்கு இப்போது சட்டையைத் தலைவழியே கழற்ற முடியவில்லை, படுக்கையில் புரள முடியவில்லை, கட்டிலிலிருந்து எழ ஆள் வேண்டியிருக்கிறது. இரண்டு தோளும் ஒரே சமயத்தில். பாலிமயால்ஜியாவாக இருக்கலாம். ஸ்கேனுக்கு உட்காரவைத்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி தொடைமேல் கையை வைக்கச் சொல்வார்கள். தோளின் முன்பக்கம் புரோபை வைத்தால், பைசெப்ஸ் தசைநாண் எலும்பின் பள்ளத்தில் வெள்ளை வட்டமாக உட்கார்ந்திருப்பது தெரியும். அதைச் சுற்றி ஒரு கரிய வளையம் இருந்தால் அது உறைக்குள் கோத்த நீர். புரோபைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினால், டெல்டாய்ட் தசைக்கு அடியில் உள்ள பர்சா என்ற பை உப்பியிருக்கிறதா என்று தெரியும். இரண்டு தோளிலும் இவை இருந்தால் பாலிமயால்ஜியாவுக்குப் பலம் கூடும். 2012இல் ஐரோப்பிய, அமெரிக்க ருமட்டாலஜி (மூட்டு, அழற்சி நோய் மருத்துவம்) அமைப்புகள் சேர்ந்து இந்த நோய்க்கு வெளியிட்ட வகைப்பாட்டில் இந்த ஸ்கேன் குறிகளுக்கும் மதிப்பெண் தந்தார்கள். ஒற்றைத் தோளில் மட்டும் தசைநாண் கிழிசல் தெரிந்தால் கதை வேறு. அதிலும், வலியே இல்லாத முதியவர்களின் தோளிலும் கிழிசல் இருப்பது சகஜம்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று. இந்தியாவில் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, அல்ட்ராசவுண்ட் கருவி வைத்திருக்கும் இடமும் கருவியும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். மூட்டை மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லி விலக்குப் பெற முடியாது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் ருமட்டாலஜி மருத்துவரே அந்த மேசையிலேயே ஸ்கேனும் பார்த்துவிடும் வசதி அதனால் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. ஸ்கேன் சென்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே மூட்டு அல்ட்ராசவுண்டில் பழக்கம் உள்ளவர் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. இந்தப் பரிசோதனையில் கருவியைவிடப் பிடிக்கும் கைதான் முக்கியம்.

நெற்றிப்பொட்டில் ஓர் அவசரம்

ஜயண்ட் செல் ஆர்டெரைட்டிஸ் வட ஐரோப்பாவில் அதிகம், நம் பக்கம் குறைவு. குறைவாக வருவதாலேயே யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை; அதுதான் ஆபத்து. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த தலைவலி, தலை வாரும்போது சீப்பு பட்டாலே நோவு, சாப்பாட்டை மென்றுகொண்டிருக்கும்போது தாடை வலித்து, நிறுத்தினால் விட்டுவிடுவது, கண் சில நொடி இருண்டு திரும்புவது. இவை சேர்ந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. கண்நரம்புக்குப் போகும் ரத்தம் தடைபட்டால் பார்வை போய்விடும். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது.

முன்பெல்லாம் இதை உறுதிசெய்ய ஒரே வழி, நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் சிறு துண்டை வெட்டியெடுத்து பயாப்சி செய்வது. இந்த அழற்சி குழாய் நெடுகச் சீராகப் பரவாமல் விட்டு விட்டு வருவதால், வெட்டிய துண்டில் அகப்படாமல் போவதும் உண்டு. 1997இல் பெர்லினில் வுல்ஃப்காங் ஷ்மிட்டும் உடன் பணிபுரிந்தவர்களும் அல்ட்ராசவுண்டில் ஒரு குறியைக் கண்டு எழுதினார்கள். காதுக்கு முன்னால் புரோபை வைத்தால் சுமார் இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய் தெரியும். டாப்ளரில் நடுவே ரத்தம் வண்ணமாக ஓடும். சுவர் வீங்கியிருந்தால் அந்த வண்ணத்தைச் சுற்றி ஒரு கரிய வளையம். ‘ஹேலோ’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். புரோபால் மெதுவாக அழுத்தினால் நல்ல குழாய் நசுங்கித் திரையிலிருந்து மறைந்துவிடும். வீங்கிய சுவர் மறையாமல் அப்படியே நிற்கும். காசு பணம் பெரிதாகச் செலவில்லாத, சில நிமிடங்களில் முடிகிற பரிசோதனை. ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்பு 2023இல் புதுப்பித்த பரிந்துரையில், நெற்றிப்பொட்டுக் குழாயையும் அக்குள் குழாயையும் அல்ட்ராசவுண்டில் பார்ப்பதுதான் முதல் படப் பரிசோதனை.

ஏன் அக்குள்? சிலருக்கு நெற்றிப்பொட்டு சுத்தமாக இருக்கும். நோய் அக்குளிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாயான மகாதமனியிலும் ஒளிந்திருக்கும். பாலிமயால்ஜியா என்று மட்டும் நினைத்தவர்களைப் படம் எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ரத்தக்குழாய் அழற்சியும் அறிகுறி காட்டாமல் இருந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இன்னொரு பக்கம், வயதானவர்களின் ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்து சுவர் தடித்திருந்தாலும் ஹேலோ போல ஏமாற்றும். அழற்சியில் வளையம் சீராகச் சுற்றிவரும். கொழுப்புப் படிவு மேடுபள்ளமாக, சுண்ணத்தோடு இருக்கும்.

இங்கே நேரக்கணக்கு முக்கியம். இந்த நோய்க்கு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்துதான் தருவார்கள்; அதை ஆரம்பித்ததும் ஹேலோ மங்கத் தொடங்கும். அதனால் சிகிச்சை தொடங்கி 72 மணி நேரத்துக்குள் படம் எடுக்கப் பார்க்க வேண்டும் என்பார்கள். ஆனால் படத்துக்காக ஸ்டீராய்டைத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்கேன் சென்டரில் இரண்டு நாள் கழித்துத்தான் இடம் என்றால், மாத்திரை இன்றே, ஸ்கேன் இரண்டு நாள் கழித்து.

படிகங்கள்

நள்ளிரவில் கால் பெருவிரல் நெருப்பாய் எரிந்தால் அது யூரிக் அமிலப் படிகத்தால் வரும் கவுட் என்று எல்லாருக்கும் தெரியும். முதியவர்களிடம் அது வேஷம் மாற்றி வரும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பாட்டிக்கு, ஏற்கெனவே தேய்ந்து முடிச்சுப் போட்ட விரல்மூட்டிலேயே யூரிக் அமிலம் படிந்து வீங்கும். முடக்குவாதம் என்றோ சீழ் என்றோ தவறாக நினைக்க வாய்ப்பு அதிகம். தாக்குதல் நேரத்தில் ரத்தத்தில் யூரிக் அமிலம் நார்மலாகக்கூட இருக்கலாம்.

அல்ட்ராசவுண்டில் இரண்டு படிகங்களுக்கும் தனித்தனி முகவரி. யூரிக் அமிலம் குருத்தெலும்பின் மேற்பரப்பில் படிவதால், எலும்பின் வெள்ளைக்கோட்டுக்கு இணையாக மேலே இன்னொரு வெள்ளைக்கோடு ஓடும். கால்சியம் பைரோபாஸ்பேட் குருத்தெலும்பின் உள்ளேயே படிந்து வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும். முழங்கால், மணிக்கட்டு எக்ஸ்ரேயிலும் இது மெல்லிய சுண்ணக் கோடாக அகப்படும். ஆனால் எண்பதைத் தொட்டவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே அந்தக் கோடு இருக்கும். கோடு இருப்பதாலேயே குற்றவாளி அதுதான் என்று முடிவு கட்ட முடியாது. சந்தேகம் இருந்தால் மூட்டிலிருந்து நீரை ஊசியில் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு இன்றும் ஈடில்லை. கிருமித் தொற்று இருக்கிறதா என்பதற்கும் அந்த நீர்தான் சாட்சி. எந்தப் படமும் அதைத் திட்டவட்டமாகச் சொல்லாது.

நீர் எடுக்க முடியாத இடத்தில் இரட்டை ஆற்றல் சி.டி. கைகொடுக்கும். இரண்டு வேறு ஆற்றல் அளவுள்ள எக்ஸ்ரேக்களில் ஒரே இடத்தைப் படம் பிடித்து, இரண்டையும் ஒப்பிட்டு, இது யூரிக் அமிலம், இது கால்சியம் என்று கணினி பிரித்துவிடும். யூரிக் அமிலத்துக்குப் பச்சை நிறம் தருவது பொதுவான வழக்கம். நகத்தடியிலும் தடித்த தோலிலும் பொய்யாகப் பச்சை வரும், புதிதாக வந்த கவுட்டைச் சில சமயம் தவறவிடும். பெரிய நகர மருத்துவமனைகளில்தான் கிடைக்கும்.

சாதாரண சி.டி. ஒரே ஒரு படத்தில் முடிச்சை அவிழ்க்கும் இடமும் உண்டு. வயதானவருக்குக் காய்ச்சல், கடுமையான கழுத்து வலி, கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. மூளைக்காய்ச்சலோ என்று எல்லாரும் பதறுவார்கள். பதறத்தான் வேண்டும், அதைப் பார்த்தும் ஆக வேண்டும். கழுத்தின் இரண்டாவது எலும்பில் மேல்நோக்கி நிற்கும் முளையைச் சுற்றிக் கிரீடம் வைத்ததுபோல் சுண்ணம் படிந்திருப்பது சி.டி.யில் தெரிந்தால், மூளைக்காய்ச்சலும் இல்லை என்று ஆகிவிட்டால், கால்சியப் படிக அழற்சியாக இருக்கலாம்.

எம்.ஆர்.ஐ., பெட் சி.டி.

எம்.ஆர்.ஐ.யில் எலும்பின் மஜ்ஜைக்குள் கோக்கும் நீர்கூடத் தெரியும். முடக்குவாதத்தில் பின்னால் அரிப்பு விழப்போகும் இடத்தை அது முன்கூட்டியே காட்டித்தரும். ஆனால் நலமாக இருப்பவர்களை எடுத்துப் பார்த்தாலும் வயது கூடக்கூட எம்.ஆர்.ஐ.யில் சிறு அழற்சிக் குறிகள் கூடுகின்றன. ஆகவே எழுபத்தைந்து வயதுக் கையை முப்பது வயதுக் கைக்கான அளவுகோலால் அளக்கக் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டையைக் காட்டாமல் உள்ளே போகக் கூடாது. சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களுக்கு, எம்.ஆர்.ஐ. படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் சில பழைய வகை காடோலினிய மருந்துகள் தோலையும் உறுப்புகளையும் இறுகவைக்கும் நோயைக் கொடுத்தன என்று 2006இல் தெரியவந்தது. இப்போதைய வகைகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. இருந்தாலும் சிறுநீரகச் செயல்பாட்டைச் சொல்லும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

பெட் சி.டி. புற்றுநோய்க்கான ஸ்கேன் என்றே பலருக்குப் பழக்கம். உடம்பில் குளுக்கோஸை அதிகம் உறிஞ்சும் இடங்கள் எல்லாம் அதில் ஒளிரும், அழற்சியும் உறிஞ்சும். பாலிமயால்ஜியாவில் தோள், இடுப்பு, உட்காரும் எலும்பு, முதுகெலும்பு முள்களுக்கு இடையே என்று ஒரு வடிவத்தில் ஒளிரும். மகாதமனிச் சுவர் ஒளிர்ந்தால் ரத்தக்குழாய் அழற்சி. எடை குறைந்து, காய்ச்சல் விட்டு விட்டு வந்து, இ.எஸ்.ஆர். நூறைத் தொட்டு, காரணம் பிடிபடாத பெரியவருக்கு, அழற்சியையும் மறைந்திருக்கும் புற்றையும் ஒரே மூச்சில் தேட இதுதான் தோது. செலவு அதிகம், கதிர்வீச்சும் எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு. வெறும் வயிற்றில் போக வேண்டும். ரத்தச் சர்க்கரை ஏறியிருந்தால் படம் மங்கும். ஸ்டீராய்டு நாள்கணக்கில் சாப்பிட்டிருந்தாலும் ஒளிர்வு அடங்கிவிடும்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வலி என்று போன இடத்தில் இன்ன மருந்து என்று சொல்லாமலே ஊசி போட்டு அனுப்புவது நம் ஊரில் சாதாரணம். மறுநாள் தாத்தா துள்ளி எழுந்துவிடுவார்; எல்லாருக்கும் சந்தோஷம். அந்த ஊசி ஸ்டீராய்டாக இருந்தால், அடுத்த வாரம் எடுக்கும் ஸ்கேன் சுத்தமாக வந்து, நோயை மாதக்கணக்கில் மறைத்துவிடும். ஊசியின் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அப்புறம், ஸ்கேனுக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரே பிலிம்களைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய பிலிமில் அதே முள்ளும் அதே இடைவெளியும் இருந்தால், இன்றைய வலிக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். சீட்டில் வெறுமனே ‘முழங்கால் எக்ஸ்ரே’ என்றிருந்தால், எதற்காக எடுக்கிறோம், எதைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். காலை விறைப்பு எவ்வளவு நேரம், எப்போது ஆரம்பித்தது, என்னென்ன மாத்திரை, ஸ்டீராய்டு எடுத்தாரா, எடுத்தால் எந்தத் தேதியிலிருந்து. படத்தைப் படிக்கும் ரேடியாலஜி மருத்துவர் நோயாளியை நேரில் பார்த்திருக்க மாட்டார். அவருக்குக் கிடைப்பது அந்த இரண்டு வரிதான்.